பலாப் பலகை பஸ்

அந்தக் காலத்தில் பஸ் முழு வண்டியாகக் கண்டிக்கு வராது. எஞ்சினும் சக்கரங்களும் இரும்புச் சட்டமும்தான் கப்பலில் வரும். மேலே கூடு கட்டுவது வாங்கியவர் பொறுப்பு. வாப்பா அப்படி ஒன்றை வாங்கியபோது நான் தலைப்பிள்ளையைச் சுமந்துகொண்டு தாய்வீட்டில் இருந்தேன். என் கணவருக்குக் கடை புசல்லாவையில்.

வாப்பா பலா மரத்திலேயே கூடு கட்டினார். பக்கமெல்லாம் தடித்த பலகை, கதவுகளில் பூவேலை. மஞ்சள் மினுங்க வாசலில் நின்ற வண்டியைத் தெருவே வந்து தடவிப் பார்த்தது. எஞ்சினுக்குப் பக்கத்துத் தகட்டில் ஒன்றரைத் தொன் என்று பொறித்திருந்தது. அவ்வளவு ஆட்களையும் சாமான்களையும் ஏற்றலாம் என்று வாப்பா நினைத்துக்கொண்டார்.

கண்டியிலிருந்து புசல்லாவைக்குப் போன முதல் ஓட்டத்திலேயே, என் கணவருக்கு வண்டியைக் காட்ட உம்மாவும் நானும் போனோம். கம்பளை தாண்டி ஏற்றம் தொடங்கியதுமே வண்டி முனகியது. ஒரு வளைவில் ஸ்பிரிங் பட்டை முறிந்து கூடு ஒருபக்கம் சாய்ந்தது. யாருக்கும் அடியில்லை. தேயிலைத் தோட்டத்துக்குப் போகவிருந்த ஒரு பெண் மூட்டையைத் தலையில் தூக்கி வைத்தாள்.

"நாங்க நடந்துருவோம்ங்க. புள்ளத்தாச்சிய நடக்க விட்றாதீங்க."

வாப்பா தலை நிமிரவே இல்லை.

மறுநாள், வண்டி விற்ற கம்பனியிலிருந்து யாழ்ப்பாணத்து மெக்கானிக் ஒருவர் வந்தார்.

"ஐயா, இந்த ஒன்றரைத் தொன்னுக்குள்ள நீங்கள் கட்டின கூடும் அடங்கும். அச்சு, ஸ்பிரிங், டயர் எல்லாத்தையும் பாத்து, எது குறைவாத் தாங்குமோ அதை வச்சுத்தான் செய்யிற இடத்தில கணக்குப் போடுறவை. எஞ்சின் இழுக்குது எண்டு ஏத்தக் கூடாது."

"அப்ப எண்ட பலகையே பாதிப் பாரமா?"

"ஓம்."

வாப்பா அன்று சாப்பிடவில்லை. உம்மாதான் கடைசியில் கேட்டுவிட்டார். "மரத்த ஏத்தவா பஸ் எடுத்தீங்க, ஆளுகள ஏத்தவா?"

அந்த வாரமே பலகைகளைக் கழற்றினார்கள். பூவேலைக் கதவுகளில் கை வைக்கும்போது மட்டும் வாப்பா எழுந்து வெளியே போய்விட்டார். பலகை இருந்த இடத்தில் கன்வஸ் திரை தொங்கியது. சாரல் அடித்தால் எல்லோரும் நனைய வேண்டியதுதான். நெருக்கியடித்து ஏறியவர்களை, "அடுத்த ட்ரிப்புல வாங்க" என்று வாப்பா இறக்கிவிட்டதும் சிலருக்குக் கோபம். ஆனால் வண்டி ஏற்றத்தில் நிற்கவில்லை.

மகள் பிறந்து நாற்பது நாள் கழிந்ததும் அதே பஸ்ஸில்தான் புசல்லாவைக்குத் திரும்பினேன். வழியெல்லாம் திரை படபடத்தது. தேயிலை வாசனை காற்றோடு உள்ளே வந்தது. மடியில் பிள்ளை தூங்கினாள். வாப்பா ஒவ்வொரு வளைவிலும் தேவைக்கு அதிகமாகவே ஹோர்ன் அடித்துக்கொண்டு போனார்.