சுகம் விசாரிக்காத ஜெயக்கொடி

கட்டைவிரலால் முதலில் பொட்டை அழுத்திப் பார்க்கிறார் ஜெயக்கொடி. மடிக்கணினியின் மேல்விளிம்பில், கேமராக் கண்ணை மறைத்து ஒட்டியிருக்கும் மெரூன் நிற ஸ்டிக்கர் பொட்டு அது. வெயிலில் பசை இளகி நகர்ந்துவிடுகிறதாம். அடுத்து ஜன்னல் கதவு. அதற்கடுத்து, முதுகுக்குப் பின்னால் இருக்கும் ஷோகேஸ் கண்ணாடியின் மேல் ஒரு துண்டு. திரையில் ஓடுவது கண்ணாடியில் விழும், தெருவில் போகிறவர்கள் நின்று வாசித்துவிடுவார்கள் என்பது அவர் பயம். நான் பார்த்தவரை அந்த ஜன்னலுக்கு வெளியே நின்றவை ராஜகிரி மலையிலிருந்து இறங்கி வந்த குரங்குகள் மட்டுமே. அவையும் முறுக்கு டப்பாவைத்தான் பார்த்தன.

"ஊராரு மூத்திரத்துக்கு இவ்ளோ காவலு" என்கிறார் கட்டிலில் சாய்ந்திருக்கும் அவருடைய அப்பா கன்னியப்பன்.

"சும்மா இரு நைனா. அந்த மூத்திரந்தான் எல்லாத்தயும் சொல்லுது."

செஞ்சி பஜாரில் உள்ள ஒரு சின்ன ரத்தப் பரிசோதனை நிலையத்தில் அறிக்கைகளைத் தட்டச்சு செய்கிறார் ஜெயக்கொடி. ஊரில் அதற்கு 'லேப்' என்றுதான் பெயர். நாற்பதை நெருங்கும் வயது, ஒல்லியான உடம்பு, எதையோ அடுப்பில் வைத்துவிட்டு வந்தவர் போன்ற நடை. காலையில் லேப். மதியத்துக்கு மேல் வீட்டிலிருந்தபடியே லேப் கணினிக்குள் நுழைந்து மிச்ச வேலையை முடிக்கிறார். இதை அவர் 'லைன் போடுறது' என்கிறார். கன்னியப்பன் தனியார் பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவர். சர்க்கரையில் பார்வை போனது. ஒருநாள் குளியலறையில் விழுந்து மண்டை உடைந்த பிறகு அவரை நாள் முழுக்கத் தனியே விட முடிவதில்லை. லேப் முதலாளி தங்கராஜ் யோசித்து யோசித்துத்தான் லைன் கொடுத்தார். கொடுத்த அன்றைக்கே ஒரு வார்த்தையும் சொல்லிவைத்தார்: "ஒரு ரிப்போர்ட்டு வெளிய போச்சுன்னா லைன புடுங்கிடுவேம்மா. அப்பறம் முழு நாளும் இங்கதான் ஒக்காரணும்." முழு நாளும் உட்கார ஜெயக்கொடியால் முடியாது. லைன் போனால் வேலை போனது.

வெளியே போகக் கூடாதது எது என்பதைச் சின்ன ஊரில் இருப்பவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. எந்த மளிகைக் கடைக்காரருக்குச் சிறுநீரகம் கெட்டுக்கொண்டிருக்கிறது, எந்தப் புதுப்பெண்ணின் கர்ப்பப் பரிசோதனை மூன்றாம் முறையும் இல்லை என்று வந்தது, யார் வெளியூர் போகிறேன் என்று வீட்டில் சொல்லிவிட்டு வந்து ரத்தம் எடுத்துக்கொண்டு போனார் என்பதெல்லாம் ஜெயக்கொடியின் விரல் வழியாகவே போகிறது. அதனால் யாரைப் பார்த்தாலும் "உடம்பு எப்படி இருக்குது" என்று அவர் கேட்பதில்லை. கேட்டால் தெரிந்துகொண்டு கேட்பதாகிவிடும். ஆபரேஷன் முடிந்து வந்த நாத்தனாரிடம்கூட மாடு கன்று போட்டதா என்றுதான் கேட்டார். நாத்தனார் இன்றுவரை பேசுவதில்லை.

"பேசாட்டிப் போவுது" என்கிறார் ஜெயக்கொடி. "நான் ஒண்ணு கேட்டு, அவங்க ஒண்ணு நெனச்சி, எதுக்கு டென்ஷன்."

டென்ஷன் அவருடைய நிரந்தர விலாசம். லைன் போடும்போது அந்த அறைக்குள் உட்கார அனுமதி உள்ள ஒரே ஆள் கன்னியப்பன்தான். வேலை முடிந்ததும் லேப் கணினியிலிருந்து வெளியேறி, வெளியேறிவிட்டோமா என்று பார்ப்பதற்காக மறுபடி உள்ளே போய், மறுபடி வெளியேறுவார். தண்ணீர் குடிக்க எழுந்தாலும் திரையைப் பூட்டுவார். லேப் கணினியின் பாஸ்வேர்டை மாற்றச் சொல்லி தங்கராஜை மாதக்கணக்காக நச்சரித்தார். லேபின் பெயரும் அது திறந்த வருஷமும் சேர்ந்ததுதான் பாஸ்வேர்டு. இரண்டும் வாசல் போர்டில் பெயின்ட்டில் எழுதியிருக்கிறது. "மாத்துனா எனக்கே மறந்துடும்மா. அதான் எம்போனுக்கு நம்பர் வருதே, அது இல்லாம எவன் உள்ள பூந்துடப் போறான்" என்பார் தங்கராஜ். லைன் போடும் ஒவ்வொரு முறையும் தங்கராஜின் போனுக்கு ஒரு நம்பர் வரும். ஜெயக்கொடி கூப்பிடுவார், அவர் படித்துச் சொல்வார், இவர் தட்டுவார். முதலாளிக்குத் தெரியாமல் கதவு திறக்காது என்ற ஏற்பாடு.

நான் போயிருந்த நாள் அமாவாசை. அறைக்கு வெளியே, திரை தெரியாத வாசற்படியில் என்னை உட்காரவைத்திருந்தார். மேல்மலையனூர் கோயிலுக்குப் போகும் சிறப்புப் பேருந்துகள் ஹாரன் அடித்தபடி தெருமுனையைக் கடந்துகொண்டிருந்தன. அமாவாசையில் ஊசி குத்திக்கொள்ளப் பாதிப் பேர் வர மாட்டார்கள் என்பதால் லேபைக் காலையோடு மூடிவிடுவார்கள். காலையில் எடுத்த சிலவற்றின் அறிக்கை மட்டும் பாக்கி. பொட்டு, ஜன்னல், துண்டு எல்லாம் முடித்து, பாஸ்வேர்டைத் தட்டிவிட்டு, போனை ஸ்பீக்கரில் போட்டார்.

"சார், நம்பர் வந்திருக்கும், சொல்லுங்க."

"சாரு மலையனூரு போயிட்டாரும்மா. நான் பாத்திரக்கட பாலசுப்பிரமணியன்."

பஜாரில் கடையைப் பூட்டிக்கொண்டு வெளியூர் போகிறவர்கள் சாவியைப் பக்கத்துக் கடை ஆணியில் மாட்டிவிட்டுப் போவது வழக்கம். தலைமுறையாக நடக்கிறது, யாரும் யாரையும் சந்தேகப்பட்டதில்லை. தங்கராஜ் அன்று சாவியோடு போனையும் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். போன அமாவாசைக் கூட்டத்தில் அவர் தம்பியின் போன் களவு போனதாம்.

"லேப்புலேருந்து கேட்டா வர்ற நம்பர சொல்லிடுன்னாரு" என்றார் பாலசுப்பிரமணியன். "இப்பதான் ஒண்ணு சொன்னேன். அதுக்குள்ள இன்னொண்ணு வந்திருக்குது. இது உனக்கா?"

ஜெயக்கொடி போனைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டார்.

"மொதல்ல யாருக்குண்ணே சொன்னீங்க?"

"நரேஷுக்கு. உங்க லேப்பு பையன்தானே."

"அவன் வேலைய விட்டு நின்னுட்டாண்ணே. திண்டிவனத்துல இருக்குறான்."

"நின்னா இன்னா, தெரியாத பையனா? நல்லா இருக்கீங்களா மாமான்னு கேட்டான். மரியாதயாத்தான் பேசுனான்."

நரேஷ் லேபில் டெக்னீஷியனாக இருந்தவர். வீட்டிலிருந்து லைன் போட ஜெயக்கொடிக்குச் சொல்லிக்கொடுத்ததே அவர்தான். பாஸ்வேர்டு தெரியும். தெரியாமல் இருந்தது நம்பர் ஒன்றுதான். அதையும் இப்போது வாங்கிவிட்டார். ஊரின் எல்லா அறிக்கைகளும் இருக்கும் கணினிக்குள் வேறொருவர் இந்த நிமிஷம் உட்கார்ந்திருக்கிறார். லேபுக்கு ஓடலாம் என்றால் சாலையில் ஆட்டோகூட நகரவில்லை.

"அண்ணே, சாவிய எடுத்துக்கினு போயி லேப்ப தொறங்க. இப்பவே."

"கடையில கூட்டம்மா. ஒரு அம்மா குத்துவிளக்க கையில புடிச்சிக்கினு நிக்கிறாங்க."

"நிக்கட்டும். நீங்க போங்க."

ஷட்டர் ஏறும் சத்தம் போனில் கேட்டது. கன்னியப்பன் கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டார்.

"உள்ள வந்துட்டேன். ஒரே இருட்டு. மெயின ஆஃப் பண்ணிடட்டா, எல்லாம் நின்னுடும்."

"ஐயோ வேணாண்ணே. ஃப்ரிட்ஜுல காலைல எடுத்த ரத்தம் இருக்குது."

"ரத்தமா?"

"டியூப்லதாண்ணே இருக்குது. உங்கள ஒண்ணும் பண்ணாது. மேசைக்கு மேல செவுத்துல பாருங்க, ரெண்டு கொம்பு வச்ச வெள்ள டப்பா."

"பச்ச லைட்டு கண்ண கண்ண அடிக்குது."

"அதுதான். நெட்டு வர்ற டப்பா. அதுலேருந்து பிளக்குக்குப் போற ஒயர புடுங்குங்க."

"தங்கராஜ் வந்து இன்னா ஏதுன்னு கேட்டா?"

"நான் சொல்லிக்கிறேன். புடுங்குங்கண்ணே."

நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது. பிறகு, "லைட்டு போச்சு" என்றார்.

ஜெயக்கொடி புடவைத் தலைப்பால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். விஷயம் என்னவென்று பாலசுப்பிரமணியனுக்கு அப்போதுதான் விளங்கத் தொடங்கியிருந்தது. குரல் இறங்கிவிட்டது. "ஜெயா, இத தங்கராஜ்கிட்ட சொல்லணுமா இன்னா? கொஞ்சம் கழிச்சி நானே டப்பாவ மாட்டிடுறேன். எனக்கும் பேரு கெடாது, உனக்கும் லைனு போவாது."

கன்னியப்பன் முகம் மகள் இருக்கும் பக்கம் திரும்பியிருந்தது. "அவரு சொல்றதும் ஞாயந்தானே" என்றார்.

"மாட்டாதீங்கண்ணே" என்றார் ஜெயக்கொடி. "பூட்டிட்டுப் போங்க. குத்துவிளக்கு அம்மா போயிடப் போறாங்க." அந்தக் கையோடு தங்கராஜ் மனைவியின் போனுக்கு நடந்ததை முழுக்கச் சொல்லி ஒரு குரல் பதிவு அனுப்பினார். அனுப்பிய பிறகு, போய்ச் சேர்ந்ததா என்று திருப்பித் திருப்பிப் பார்த்தார். மலையனூர் கூட்டத்தில் சிக்னல் கிடைக்க வெகுநேரம் ஆனது.

சாயங்காலம் எதிர்வீட்டுப் பூவாயியை நைனாவுக்குத் துணை வைத்துவிட்டு லேபுக்கு நடந்தே போனார். நெற்றி நிறைய குங்குமத்தோடு தங்கராஜ் வந்து சேர்ந்தார். கணினியில் என்ன நடந்தது என்று இருவரும் பார்த்தார்கள். நரேஷ் உள்ளே வந்திருக்கிறார், தேடும் இடத்தில் ஓர் ஆளின் பெயரைத் தட்டியிருக்கிறார். அறிக்கை திறக்குமுன் டப்பா அணைந்திருக்கிறது.

"லைனே வேணாம்மா" என்றார் தங்கராஜ். "எனக்கு இந்த வயசுல போலீஸு கேஸுன்னு அலைய முடியாது."

"லைனு இன்னா சார் பண்ணுச்சு? போன தூக்கி பாத்திரக்கடையில குடுத்தது நீங்க. பாஸ்வேர்டு வாசல் போர்டுல இருக்குது. நரேஷ் நின்ன அன்னிக்கே அவன் பேர கம்ப்யூட்டர்லேருந்து எடுத்திருக்கணும். லைன எடுத்தாலும் இதெல்லாம் அப்பிடியேதான் இருக்கும்." முதலாளியிடம் அவ்வளவு நீளமாகப் பேசியது அதுதான் முதல் தடவை என்று பின்னால் சொன்னார். தங்கராஜ் வெளியே போய் போர்டைப் பார்த்துவிட்டு வந்தார். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, "சொல்லு, எங்க அமுக்கணும்" என்றார். பாஸ்வேர்டு மாறியது. நரேஷின் பெயர் நீக்கப்பட்டது. நம்பர் இனி ஜெயக்கொடியின் போனுக்கே வரும்.

மறுநாள் நரேஷ் கூப்பிட்டார். திட்டுவதற்காகவே ஜெயக்கொடி போனை எடுத்தார். ஆனால் அந்தப் பக்கம் அழுகைக் குரல்.

"யக்கா, நான் திருடன் கெடையாது. தங்கச்சிக்குப் பாத்திருக்கிற மாப்ள நம்ம லேப்புல டெஸ்டு எடுத்திருக்கான்னு கேள்விப்பட்டேன். எதுக்கு எடுத்தான்னு தெரிய வேணாமா? உன் தங்கச்சின்னா நீ பாக்க மாட்டியா?"

"நீ பண்ணது தப்பு."

"சரி, தப்பு. நீதானே டைப் பண்ண. ஒண்ணும் இல்லன்னா இல்லன்னு சொல்லு, போதும்."

"டேய், பொண்ணு மாப்ள ரெண்டு பேரயும் ஒண்ணா கூட்டிக்கினு போயி, வேற எங்கயாவது டெஸ்டு எடு. யாரு கேட்டாலும் நான் இதத்தான் சொல்லுவேன்."

"அப்ப இன்னாவோ இருக்குது."

"யாரு கேட்டாலும் இதத்தான் சொல்லுவேன், நரேஷு."

நரேஷ் போனை வைத்துவிட்டார். ஜெயக்கொடி அன்று சாப்பிடவில்லை. நோய் இல்லை என்று ஒரு தடவை ஒருவரிடம் சொல்லிவிட்டால், அடுத்தவரிடம் அப்படிச் சொல்லாமல் இருக்கும்போது நோய் இருக்கிறது என்று ஆகிவிடும். அதை நரேஷுக்கு எப்படிப் புரியவைப்பது? வாயைத் திறக்காததே சொன்ன மாதிரி ஆகிவிட்டதோ என்று நைனாவிடம் மாற்றி மாற்றிக் கேட்டார். "உம்மூஞ்சிய நான் பாத்தே வருஷம் ஆவுது, எனக்கு இன்னா தெரியும்" என்றார் அவர். மாப்பிள்ளை யார், அறிக்கையில் என்ன என்று நானும் கேட்கவில்லை. இதை எழுத ஜெயக்கொடி போட்ட நிபந்தனை, பெயர்களை மாற்ற வேண்டும் என்பது. மாற்றியிருக்கிறேன்.

ஒரு வெள்ளிக்கிழமை நரேஷின் அம்மா மீனம்பாள் ஆட்டோவில் வந்து இறங்கினார். கையில் தட்டு, தட்டில் வெற்றிலை பாக்கு, நிச்சயதார்த்தப் பத்திரிகை. வேறு லேபில் பரிசோதனை எடுத்தார்களா என்று அவர் சொல்லவில்லை, ஜெயக்கொடி கேட்கவில்லை. மாப்பிள்ளையின் பெயரை மட்டும் மீனம்பாள் நிறுத்தி நிறுத்திப் படித்தார். ஒவ்வொரு எழுத்துக்கும் தலையை நிமிர்த்தி எதிரே இருந்த முகத்தைப் பார்த்தார்.

"நல்ல எடந்தானேம்மா?"

"பத்திரிக நல்லா அடிச்சிருக்காங்க" என்றார் ஜெயக்கொடி. "மண்டபம் அனந்தபுரத்துலயா?"

"ஆமா. வந்துடணும்."

"வராம இருப்பனா?"

குங்குமம் எடுத்துக்கொண்டார். சிரித்த முகமாக வாசல்வரை வந்து வழியனுப்பினார். ஆட்டோ கிளம்பியது. மீனம்பாள் பக்கவாட்டில் தலையை வெளியே நீட்டி, திரும்பி, ஜெயக்கொடியின் முகத்தையே பார்த்துக்கொண்டு போனார். ஜெயக்கொடி அதே சிரிப்போடு, கையசைத்தபடி நின்றார். சாலையில் கரும்பு லாரி ஒன்று குறுக்கிட்டு ஆட்டோவை மறித்தது. அப்போதும் சிரிப்பு அப்படியே இருந்தது. லாரி நகர்ந்து, ஆட்டோ திருவண்ணாமலைச் சாலையில் திரும்பி மறைந்த பிறகுதான் உள்ளே வந்தார். கதவைச் சாத்தினார். இரண்டு உள்ளங்கைகளையும் கன்னத்தில் வைத்து, வலித்த இடத்தை நீவுவதுபோல் மெதுவாகத் தேய்த்துவிட்டுக்கொண்டார்.