தளத்தைத் தொட்ட கள்ளி

என் கணவர் ஆறடிக்கும் மேல். பஸ்ஸில் ஏறினால் தலையைக் குனிந்துதான் நிற்பார். நான் அவர் மார்புக்கு வருவேன். கல்யாணத்தில் போட்டோ பிடித்தவரே சிரித்துவிட்டார்.

எங்கள் லிங்கராஜபுரம் வீட்டின் ஹாலில், ஜன்னலோரம் இருந்த கள்ளிச்செடி அவருடையது. அது ஒரு பக்கமாகச் சாயாமல் இருக்கத் தொட்டியைத் திருப்பி வைப்பார். வருஷத்துக்கு ஒருமுறை தரையில் நின்றபடியே கையைத் தூக்கி நுனியை வெட்டிவிடுவார்.

போன வருஷம் மாரடைப்பில் போய்விட்டார். செடிக்கு அந்தச் சேதி தெரியாது. அது பாட்டுக்கு வளர்ந்து மேலே தளத்தில் முட்டியது. நுனி கறுத்து வளைந்தது. நான் தொடவில்லை. அவர் கடைசியாக வெட்டிய தழும்பு தண்டில் காய்ந்து கிடந்தது. அதற்கு மேலே வளர்ந்ததெல்லாம் அவர் இல்லாத காலம் என்று எனக்கு ஒரு கணக்கு.

நாத்தனார் வந்தபோது தலைப்பாரம் தாங்காமல் தொட்டியே ஆடியது.

"இதத் தூக்கி வெளிய போட்ருங்க அண்ணி. முள்ளுச்செடி வீட்டுக்குள்ள ஆகாது."

"உங்க அண்ணன் இருந்தப்ப ஆச்சு, இப்ப மட்டும் ஆகாதா?" என்றேன். பாவம், அவளும் அண்ணனைப் பறிகொடுத்தவள்தான். ஆனால் என் வாய் சும்மா இருக்காது.

அவள் போனபிறகு நானே வெட்டத் துணிந்தேன். கள்ளிப்பால் கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. அதனால் அவர் வெட்டும்போது ஸ்கூட்டர் ஹெல்மெட்டை மாட்டிக்கொள்வார். நானும் மாட்டிக்கொண்டேன். உள்ளே இன்னும் அவர் தலை எண்ணெய் வாசனை. ஸ்டூல் போட்டு ஏறி, தண்டில் பேப்பரைச் சுற்றிப் பிடித்து, தழும்புக்கு மேலே அறுத்தேன். ஸ்டூல் கிடுகிடுவென ஆடியது. பிடித்துக்கொள்ள ஆளில்லை.

இறங்கி அண்ணாந்து பார்த்தேன். தழும்பு எனக்கு எட்டவே இல்லை. அது அவர் கைக்கு வைத்த உயரம். அதைக் காப்பாற்ற வேண்டுமானால் வருஷா வருஷம் இந்த ஸ்டூலில் ஏற வேண்டும். இந்த முழங்காலோடு எத்தனை வருஷம் ஏறுவேன்? ஒருநாள் செடியோடு நானும் விழுந்து கிடந்தால் கேட்க யார் இருக்கிறார்கள்?

மனசைக் கல்லாக்கிக்கொண்டு, தரையில் நின்றே, என் கை எட்டுகிற இடத்தில் கத்தியை வைத்தேன். அவர் தழும்போடு அந்தத் துண்டு பொத்தென்று விழுந்தது. வெட்டிய இடத்திலிருந்து பால் வழிந்து விரலெல்லாம் ஒட்டியது.

துண்டைச் சுவரோரம் நிழலில் சாய்த்து வைத்தேன். காய்ந்ததும் நட்டால் வேர் பிடிக்கும். செடி பிழைத்துக்கொள்ளும், எனக்குத் தெரியும். ஆனாலும் அழுகை முட்டிக்கொண்டு வந்தது. ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டுக் கண்ணைத் துடைக்கக் கையைத் தூக்கினேன். "தொடாத!" என்று அதட்டுவதற்கு வீட்டில் யாரும் இல்லை. கையை நானே இறக்கிக்கொண்டேன்.