ஏரிக்கரைக்கு வந்த நிதி

குடிசை வாசலில் உட்கார்ந்திருந்த அக்கா என் முகத்தைப் பார்க்கவில்லை. என் கையிலிருந்த மை டப்பாவைத்தான் பார்த்தாள்.

"இன்னாத்துக்கு ரேகை?"

"உங்க குடும்பத்துக்கு வெளிநாட்டுலேர்ந்து உதவி வருதுக்கா. பதிஞ்சு வெச்சாத்தான் கிடைக்கும்."

"போன தபா முன்பணம்னு ரேகை வெச்சதுக்கு ஆறு வருசம் ரைஸ்மில்லுல நெல்லு அவிச்சேன். வெளிய உடல. நீ போய்ட்டு வா."

தொண்ணூறுகளின் நடுவில், அயனம்பாக்கம் ஏரிக்கரையில் சில இருளர் குடும்பங்கள் குடிசை போட்டிருந்தன. வயல்வரப்பில் எலி பிடித்தும் பாம்பு பிடித்தும் பிழைத்தவர்கள். வயலெல்லாம் மனையாகிவிட, ஆண்கள் அம்பத்தூருக்குக் கட்டட வேலைக்குப் போனார்கள், பெண்கள் ஏரிச் சேற்றில் கையால் தடவி மீன் பிடித்தார்கள். நான் பி.ஏ. ஆங்கிலம் முடித்துவிட்டுக் கள்ளிக்குப்பத்தில் ஒரு மாடி அறையில் இயங்கிய சிறிய தொண்டு நிறுவனத்தில் சேர்ந்திருந்தேன். அதை நடத்தியவரை 'சார்' என்போம். குடும்பங்களைப் பதிவு செய்வதும் ஆங்கிலத்தில் கடிதம் எழுதுவதும் என் வேலை.

அப்பாவுக்கு இந்த வேலை பிடிக்கவில்லை. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து ஆவடியில் ராணுவத் தளவாடத் தொழிற்சாலையில் சேர்ந்தவர். "வெளிநாட்டுக்காரன் சும்மா குடுப்பானா? மதம் மாத்த வாரானோ, வேவு பாக்க வாரானோ. என் வேலைக்கு உலை வெச்சிராத தாயி" என்பார்.

அவரிடம் வாதாடுவேனே தவிர, எனக்கும் உள்ளுக்குள் உறுத்தல் இருந்தது. பழங்குடிகளின் கலையையும் குடும்பங்களையும் பேணுவதற்கென்று கனடாவிலிருந்து வரும் நிதிக்கு நான்தான் விண்ணப்பம் தட்டச்சு செய்தேன். அதில் 'ஏரிக்கரை இருளர்களின் தொன்மையான அறுவடை நடனம்' என்று ஒரு பத்தி. அப்படி ஒரு நடனத்தை நான் அங்கே பார்த்ததே இல்லை. சாரிடம் கேட்டேன்.

"எழுதும்மா. கலாசாரம்னு ஒரு வரி இல்லேன்னா அவங்க ஃபைலையே பிரிக்க மாட்டாங்க."

பிறகு கடிதம் வந்தது. நிதிக் குழுவிலிருந்து ஒரு அம்மாள் நேரில் பார்க்க வருகிறார். வெள்ளைக்காரி இல்லை. வடகோடிப் பனிப் பிரதேசத்தின் இனுவிட் இனத்தைச் சேர்ந்தவர். எங்கள் பள்ளிப் புத்தகத்தில் பனிக்கட்டி வீட்டுக்கு முன்னால் நின்றார்களே, எஸ்கிமோக்கள், அவர்கள்தான். கடிதத்தை இரண்டு தரம் படித்த சார் கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

அடுத்த இரண்டு நாளும் ஏரிக்கரையில் ஒத்திகை. பூந்தமல்லியிலிருந்து ஒரே நிறத்தில் பச்சைச் சேலைகள் வந்தன. தலையில் கட்ட இலைகள். கை தட்டி, குனிந்து, சுற்றி வரச் சார் சொல்லிக்கொடுத்தார். சேலை கிடைக்கும் என்று பெண்கள் ஆடினார்கள். அந்த அக்கா மட்டும் சேலையை வாங்கவில்லை.

வந்த அம்மாளுக்கு ஐம்பது வயதிருக்கும். குள்ளமான உருவம், வட்ட முகம். "நேபாளத்து அம்மா மாரி கீது" என்று யாரோ சொன்னார்கள். வெயில் தாங்காமல் ஈரத் துண்டைக் கழுத்தில் போட்டிருந்தார். நடனம் முடிந்ததும் சார் கை தட்டினார். அந்த அம்மாள் தட்டவில்லை. ஆடியவர்களின் கால்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இதை உங்களுக்கு யார் சொல்லிக்கொடுத்தது?" என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

"முன்னோர்கள்" என்றார் சார், முந்திக்கொண்டு.

அவர் என் பக்கம் திரும்பினார். "அவர்களையே கேளுங்கள்."

கேட்டேன். ஆடியவர்கள் சாரைப் பார்த்தார்கள். குடிசை ஓரத்தில் மீன் ஆய்ந்துகொண்டிருந்த அக்காதான் தலை நிமிராமல் சொன்னாள்: "சார்தான் கத்துக் குடுத்தாரு. நேத்தும் முந்தாநேத்தும்."

சார் என்னைப் பார்த்தார். அந்த அம்மாளுக்குத் தமிழ் தெரியாது. மாற்றிச் சொல்ல வேண்டும் என்றுதான் அந்தப் பார்வை சொன்னது. அது என் முதல் வேலை. ஆனாலும் அக்கா சொன்னதை அப்படியே ஆங்கிலத்தில் சொன்னேன்.

"சும்மா தமாஷ் பண்றாங்க" என்று சார் சிரித்தார்.

அக்கா எழுந்து வந்தாள். "இந்தம்மா எங்க பேரெல்லாம் எழுதிக்கினு போயி இன்னா பண்ணப் போவுது? அதக் கேளு."

கேட்டேன். அந்த அம்மாள், தான் சிறுமியாக இருந்தபோது அரசாங்கம் தன் மக்கள் எல்லோருக்கும் ஒரு எண் கொடுத்ததைச் சொன்னார். வந்த அதிகாரிகளுக்கு அவர்களின் பெயர் வாயில் நுழையவில்லையாம். எண் பொறித்த சிறு வில்லையைக் கயிற்றில் கோத்துக் கழுத்தில் போடச் சொன்னார்களாம். "எல்லாம் உங்கள் நன்மைக்கு என்றார்கள். இப்போதும் எங்கள் ஊருக்கு நிதித் திட்டங்கள் வருகின்றன. கொண்டு வருகிறவர்கள் எதை எடுத்துப்போக வந்திருக்கிறார்கள் என்றுதான் முதலில் பார்ப்பேன்."

நான் தமிழில் சொல்லி முடித்ததும் அக்கா கேட்டாள்: "அப்ப நீ இன்னாத்த எடுத்துக்கினு போவ வந்தே?"

இதை எப்படிச் சொல்வதென்று தயங்கித்தான் சொன்னேன். அந்த அம்மாள் முதல் தடவையாகச் சிரித்தார். "ஒரு அறிக்கை எழுத வேண்டும். எழுதியதை அனுப்புகிறேன், இந்தப் பெண் உங்களுக்குப் படித்துக் காட்டட்டும். உங்களுக்கு என்ன வேண்டும்?"

"சாதி சர்டிபிகேட்டு. அது இல்லாம எம்பொண்ண எட்டாவதுக்கு மேல சேக்க மாட்டேன்றாங்க. ஆட்டமெல்லாம் வாணாம்."

அவர் குறித்துக்கொண்டார். அப்போதும் அக்கா பதிவேட்டில் ரேகை வைக்கவில்லை.

இரண்டு வாரம் கழித்துச் சார் என்னை வேலைக்கு வர வேண்டாம் என்றார். அந்த அறிக்கை என் கைக்கு வரவே இல்லை. அந்த அம்மாள் மறந்துவிட்டாரா, வந்ததைச் சார் மறைத்தாரா, நிதி நின்றதா, வேறு பெயரில் தொடர்ந்ததா? எதுவும் தெரியாது. ஆனால் ஏரிக்கரைப் பக்கம் போனபோது, என்னைக் கண்டதும் பேச்சு நின்றது. "வெளிநாட்டுப் பணம் வந்துச்சாமே?" என்று ஒருத்தி கேட்டாள். நான்தான் தின்றுவிட்டேன் என்று நினைத்திருக்கிறார்கள். வீட்டுக்கு வந்து அழுதேன்.

நான் எதையும் தின்னவில்லை என்று காட்டும் ஆத்திரத்தில்தான் அக்காவுக்கு மனு எழுதிக் கொடுத்து, தாலுகா ஆபீசுக்கு அழைத்துப் போனேன். அவளும் என்னை நம்பி வரவில்லை, நான் என்ன செய்கிறேன் என்று பார்க்கத்தான் வந்தாள். அங்கிருந்த அலுவலர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். "இருளர்னா பாம்பு பிடிக்கத் தெரியணுமே. எங்க, ஒண்ணு பிடிச்சுக் காட்டு பாப்போம்."

"நீ உன் சாதிக்கு இன்னாத்த புடிச்சுக் காட்டுனே?" என்றாள் அக்கா.

எங்களை வெளியே போகச் சொன்னார்கள். மறுபடி போனோம். ஒன்றரை வருடம் அலைந்தோம். மேலதிகாரி ஒருவர் ஏரிக்கரைக்கே வந்து விசாரித்த பிறகு சில பிள்ளைகளுக்குச் சான்றிதழ் கிடைத்தது. அக்காவின் மகளுக்கும்.

கிடைத்த மறுநாள் அக்கா விசாரித்துக்கொண்டு எங்கள் குவார்ட்டர்ஸுக்கே வந்துவிட்டாள். பிளாஸ்டிக் பையிலிருந்து தாளை எடுத்து நீட்டி, "இது நெசமானதா பாரு. சீலு சரியாக் கீதா?" என்றாள். நான் சரி என்றது போதவில்லை. அப்பா கண்ணாடியை மாட்டிக்கொண்டு வாசலுக்கு வந்து, தாளை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, கையெழுத்து, தேதி, முத்திரை எல்லாவற்றையும் நிதானமாகப் பார்த்தார்.

"சரியாத்தான் இருக்கும்மா" என்றார்.

அக்கா தாளை வாங்கி மடிக்காமல் பையில் வைத்தாள். "பட்டாபிராமுல எனக்குத் தெரிஞ்ச கம்பவுண்டர் ஒருத்தரு கீறாரு. அவருகிட்டயும் ஒரு தபா காட்டிடுறேன்" என்று சொல்லிவிட்டு ஸ்டேஷன் பக்கம் நடந்தாள்.