இரண்டு புள்ளி போதும் என்றவர்

தங்கராஜ் சார் போய்விட்டார் என்ற செய்தி, குர்லாவில் வண்டி மாறும்போது கைப்பேசியில் வந்தது. ‘ஈடு செய்ய முடியாத இழப்பு’ என்று பழைய ஆசிரியர்கள் குழுவில் எழுதியிருந்தார்கள். இழப்பு எங்களுக்குத்தான், அது அவர் உயிரோடு இருக்கும்போதே நடந்துவிட்டது. செத்தவரைப் பற்றி நல்லதே பேச வேண்டுமாம். அவரை அறிந்தவர்கள் கோபித்துக்கொள்ளுங்கள், எனக்கு மனசு வரவில்லை.

மாட்டுங்கா லேபர் கேம்ப் பக்கத்துப் பள்ளியில் நாங்கள் இருவரும் கணக்கு ஆசிரியர்கள். அளவுகோல் இல்லாமலே கரும்பலகையில் நேர்கோடு இழுப்பார், அதை மறுக்க மாட்டேன். “சமமா நடந்தா சமமா ஏறணும், இல்ல சமமா எறங்கணும். ஒரு எடத்துல சாய்வு மாறிச்சுன்னாலும் அது நேர்கோடு கெடையாதுலே” என்று பையன்களிடம் சொல்வார்.

அவரே தலைமை ஆசிரியரானார். தமிழ்வழி ஒன்பதாம் வகுப்பில் ஒரு வருடம் நாற்பது பேர், அடுத்த வருடம் முப்பது. கட்டடம் இடித்துக் கட்டுகிறோம் என்று ஒரு குடியிருப்பு வரிசையையே காலி செய்து, குடும்பங்களைச் சிதறடித்த வருடம் அது. நிர்வாகக் கூட்டத்தில் வரைபடத் தாளை விரித்தார். இரண்டு புள்ளி வைத்து இணைத்து, கோட்டைக் கீழே இழுத்துக்கொண்டே போனார்.

“வருஷத்துக்குப் பத்து கொறையுது. இன்னும் மூணு வருஷத்துல சைபர். இப்பவே மூடிருவோம்.”

“ரெண்டு புள்ளி இருந்தா எதையும் நேர்கோடுன்னு சொல்லிரலாம் சார். ஜூன்ல மூணாவது புள்ளி வரும், பொறுங்க” என்றேன்.

“ரெண்டு புள்ளி போதும் டீச்சர். வேலை போயிருமோன்னு பேசுதீங்க.”

எல்லோரும் சிரித்தார்கள். கோடு போடச் சொன்னால் ரோடே போடுகிறவர் என்று அவரை மெச்சுவார்கள். அன்று போட்ட ரோடு எங்கள் வகுப்பின் மேல் போனது.

ஜூனில் வாசலில் நின்று எண்ணினேன். சிதறிய குடும்பங்கள் பல பக்கத்திலேயே வாடகைக்குத் திரும்பியிருந்தன. மூடிய வகுப்பைத் தேடி வந்தவர்கள் முப்பத்தெட்டுப் பிள்ளைகள். “நம்ம கிளாஸ் எங்க டீச்சர்?” என்றாள் அவர்களில் ஒருத்தி, எஸ்தர். இந்திவழி வகுப்பில் உட்கார வைத்தார்கள், தீபாவளிக்குள் அவள் படிப்பை நிறுத்திவிட்டாள். மூன்றாவது புள்ளி முப்பத்தெட்டு என்று அவரிடம் போய்ச் சொன்னேன். “கோடுன்னா ஒண்ணு ரெண்டு முன்னப்பின்ன இருக்கத்தான் செய்யும்” என்றார். அதற்குப் பிறகு அவரோடு நான் பேசவில்லை.

இப்போது கோபர்கைரனேயில் வேறொரு பள்ளியில் இருக்கிறேன். வருடத்தின் முதல் தேர்வில் இரண்டே புள்ளி கொடுத்து, இது நேரிய சார்பா, நேர்கோடாகவே போகுமா என்று கேட்பேன். ஆம் என்றால் சைபர். ‘தெரியாது, இன்னொரு புள்ளி வேண்டும்’ என்று எழுதினால் முழு மதிப்பெண். தங்கராஜ் சாரின் நினைவாக என்னிடம் இருப்பது அந்த ஒரு கேள்விதான். அதையும் இந்தியில்தான் கேட்கிறேன்.