பஞ்சு வாங்கிய கோப்பைகள்

என் அக்கா புருஷனுக்குத் துறைமுக யார்டில் பஞ்சு என்று பெயர். ஆள் ஏதோ மெத்தென்று இருப்பார் என்று நினைத்துவிடாதீர்கள். வாசற்கதவை அடைத்துக்கொண்டு நிற்கிற உடம்பு. கப்பலில் வருகிற பெரிய இரும்புப் பெட்டிகளை கிரேனில் தூக்கி அவர் தரையில் வைத்தால் சத்தமே கேட்காது, அதனால் வந்த பெயர். நான் கீழே நின்று கையசைத்து வழிகாட்டுகிறவன். மேலே லீவரைப் பிடித்திருப்பவன் கையில்தான் எங்கள் உயிர். வேறு யாராவது ஏறினால் கொக்கியை விட்டுக் கண்ணை எடுக்க மாட்டேன். அத்தான் ஏறினால் மத்தியானச் சாப்பாட்டை நினைத்துக்கொண்டு நிற்பேன்.

ஆனால் பாருங்கள், அந்த மனுஷனுக்கு ஒரு பாராட்டு கிடைத்ததில்லை. பெட்டி விழுந்தால் ஊரே ஓடி வரும், படம் பிடிக்கும், விசாரணை வைக்கும். விழாத பெட்டியை எவன் பார்க்கிறான்? நான் ஏதாவது சொன்னால்கூட, "போடா, வேலையைப் பாரு" என்று விரட்டுவார். அந்தக் கண்ணாடிக் கூண்டுக்குள் தனியாக ஏறி, தனியாக இறங்கி, தலைமுடியும் நரைத்துவிட்டது.

ஒருநாள் இறங்கி வந்தவர் நேரே மேலாளர் அறைக்குப் போனார். "வலது கை சொன்ன பேச்சு கேக்க மாட்டேங்குது. இனிமே நான் ஏறல" என்று சொல்லிவிட்டுச் சட்டையை மாற்றிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டார். யாரும் கண்டுபிடிக்கவில்லை, எதுவும் உடையவில்லை. அவரே கண்டுபிடித்து அவரே இறங்கினார். டாக்டர் நரம்பு நோய் என்றார். கொஞ்சம் கொஞ்சமாகப் போகும், போனது திரும்பி வராது என்று எங்கள் எல்லோர் முன்னாலும் சொன்னார். விரல்களுக்கு வேலை கொடுத்துக்கொண்டே இருந்தால் கொஞ்ச நாள் தாக்குப்பிடிக்கும் என்றும் சொன்னார். அத்தான் காதில் அது மட்டும்தான் விழுந்தது.

அந்தச் சமயத்தில்தான் அவர் மகளுக்குப் பெண் குழந்தை பிறந்தது. குழந்தையோடு மகளும் மாப்பிள்ளையும் அக்கா வீட்டுக்கே வந்துவிட்டார்கள். உள்ளே நுழைந்ததும் நுழையாததுமாக அவள், "பிடிங்கப்பா உங்க பேத்தியை" என்று நீட்டினாள். அத்தான் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"கை தேறட்டும்மா. சந்தேகக் கையோட நான் எதையும் தூக்கினதில்ல."

"என்னங்க அநியாயம் இது! உக்காருங்க, மடியில வைக்கிறேன்" என்றாள் அக்கா.

"மடியில வைக்கிறது தூக்குறதா? நல்லா ஆகட்டும். அப்புறம் பாரு, எறக்கவே மாட்டேன்."

இத்தனைக்கும் அப்போது அவர் தன் கையால் சவரம் செய்துகொண்டிருந்தார், தண்ணீர்க் குடத்தைத் தூக்கி மேடையில் வைத்துக்கொண்டிருந்தார். ஒரு பச்சைக்குழந்தையை அந்தக் கை தாங்கியிருக்கும். சொன்னால் கேட்கிற ஆளா? பிடித்தால் உடும்புப் பிடி.

மாப்பிள்ளையைப் பற்றிச் சொல்ல வேண்டும். தங்கமான பையன், அதிர்ந்து பேசத் தெரியாது. அவன் வேலைதான் எனக்குக் கடைசிவரை விளங்கவில்லை. வீடியோ கேம் செய்கிற கம்பெனியில், ஆடுகிறவர்களுக்கு எந்த இடத்தில் என்ன கோப்பை கொடுப்பது என்று தீர்மானிக்கிற உத்தியோகம். "கையில பிடிக்க முடியாத கோப்பை. அதைக் குடுக்கிறதுக்கு ஒரு ஆளு, அந்த ஆளுக்கு ஒரு ஏசி ரூம்" என்று சாப்பாட்டு மேஜையில் அவனைச் சீண்டினேன்.

அவன் கோபித்துக்கொள்ளவில்லை. "ஆடுறவனுக்கு ஒரு இடத்துல சலிச்சுப் போகும் சின்ன மாமா. அந்த இடம் எதுன்னு எங்களுக்குத் தெரியும். அதுக்குக் கொஞ்சம் முன்னாடி ஒரு கோப்பையை வச்சிடுவோம். இன்னும் ஒண்ணே ஒண்ணுன்னு உக்காந்துடுவான்."

"அப்போ அது பரிசு இல்ல, தூண்டில்."

"பாதி தூண்டில்தான். பாதி வேற. தனியா உக்காந்து ஒருத்தன் ஒரு கஷ்டமான காரியத்தைச் செய்றான், பக்கத்துல ஆளே இல்ல. நீ செஞ்சதை நான் பார்த்தேன்னு யாராவது சொல்லணும் இல்லையா? அதைத்தான் அந்தக் கோப்பை சொல்லுது."

அத்தான் சோற்றில் வைத்த கையை எடுக்காமல் கேட்டுக்கொண்டிருந்தார்.

மாப்பிள்ளை அவருக்கென்றே ஒரு ஆட்டம் செய்துகொண்டு வந்தான். டிவியில் யார்டு, கிரேன், காற்றில் ஆடுகிற கொக்கி. கையில் இரண்டு குட்டி லீவர் வைத்த பெட்டி. தரையில் மஞ்சள் கட்டம். அதற்குள் சத்தமில்லாமல் பெட்டியை இறக்க வேண்டும். அத்தான் முதல் பெட்டியை இறக்கினார். டிங் என்று ஒரு ஓசை, மூலையில் ஒரு வெண்கலக் கோப்பை, அதன் கீழே 'சத்தமில்லா இறக்கம்' என்று எழுத்து. மனுஷன் எழுந்தே நின்றுவிட்டார். "ஏய், இங்க வாங்க எல்லாரும்!" என்று அவர் போட்ட சத்தத்தில் குழந்தை விழித்து அழுதது. அவ்வளவு பெரிய உடம்பு அப்படிக் குதித்து நான் பார்த்ததில்லை.

"கடைசியில ஒரு தங்கக் கோப்பை இருக்கு மாமா" என்றான் மாப்பிள்ளை.

"அது வரட்டும். அன்னிக்கு பாப்பாவைத் தூக்குறேன். இது சத்தியம்" என்றார் அத்தான்.

அன்றிலிருந்து அந்த வீட்டில் இதே பேச்சு. காலையில் பல் துலக்கியதும் லீவர் முன் உட்காருவார். அடுத்த கோப்பை, அதற்கடுத்த கோப்பை. டிங் என்று கேட்டால் அக்கா அடுக்களையிலிருந்தே கைதட்டுவாள். "கை தேறிட்டு வருதுடா" என்று போகிற வருகிறவரிடமெல்லாம் சொன்னார். எனக்கு என்னவோ இடித்தது. சட்டைப் பொத்தானை அக்காதான் போட்டுவிடுகிறாள். டம்ளரில் பாதிதான் ஊற்றித் தருகிறாள். அப்புறம் எப்படித் தேறுகிறது?

ஒரு மத்தியானம் அவர் குளிக்கப் போயிருந்தார். சும்மா ஆடிப் பார்ப்போமே என்று நான் உட்கார்ந்தேன். கையசைக்கத் தெரிந்தவனுக்கு லீவர் பிடிக்க வருமா? பெட்டி தாறுமாறாக ஆடி, கோணலாக, ஒரு மூலை இடித்துக்கொண்டு இறங்கியது. டிங்! வெள்ளிக் கோப்பை. அந்த மஞ்சள் கட்டத்தை அப்போதுதான் சரியாகப் பார்த்தேன். இரண்டு லாரியை நிறுத்தலாம், அவ்வளவு அகலம்.

மாப்பிள்ளையைப் பால்கனிக்கு இழுத்துக்கொண்டு போனேன். "என்ன காரியம்யா பண்ணி வச்சிருக்கீங்க?"

அவன் கண் கலங்கிவிட்டது. "வாரா வாரம் கொஞ்சம் அகலமாக்குறேன் சின்ன மாமா. இல்லேன்னா அவரால முடியல. ரெண்டு நாள் கோப்பை வரலேன்னா சாப்பிடவே மாட்டேங்கிறார். தங்கக் கோப்பையை மட்டும் தள்ளித் தள்ளி வைக்கிறேன். நடுவுல புதுசு புதுசா எதையாவது சேர்க்கிறேன்."

"அவர்கிட்ட சொல்லிடுங்க. இல்ல, நானே சொல்றேன்."

துணி எடுக்க வந்த அக்கா கேட்டுவிட்டாள். "வாயைத் தொறந்தே, கொன்னுடுவேன்" என்றாள் என்னிடம். "அந்த மனுஷன் சிரிச்சே எத்தனை வருஷமாச்சு தெரியுமா உனக்கு?" சொல்லிவிட்டு ஈரத் துணியில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதாள். நான் உள்ளே வந்துவிட்டேன்.

மாப்பிள்ளைக்கும் மனசு கேட்கவில்லை. மறுநாள் கட்டத்தைப் பழைய அளவுக்குச் சுருக்கி வைத்தான். அவரே புரிந்துகொள்ளட்டும் என்று நினைத்திருக்கிறான். அத்தான் ஒரு பெட்டியை இறக்கினார். வெளியே விழுந்தது. இன்னொன்று, அதுவும் வெளியே. லீவரைத் தட்டிப் பார்த்தார், ஒயரைப் பிடுங்கி மாட்டச் சொன்னார். பிறகு என்னைப் பார்த்து, "இன்னிக்கு மெஷின் சரியில்லடா. மாப்பிள்ளைகிட்ட சொல்லிப் பார்க்கச் சொல்லணும்" என்றார். தன் கையைப் பற்றி ஒரு சொல் இல்லை. யார்டில் மற்றவர்கள் கவனிக்கும் முன்னாலேயே தன் கையைச் சந்தேகப்பட்ட ஆள் அவர். இத்தனை கோப்பைக்குப் பிறகு அந்தச் சந்தேகம் எங்கே போனதோ தெரியவில்லை. சாயங்காலம் மாப்பிள்ளை கட்டத்தை மறுபடி அகலமாக்கிவிட்டான்.

குழந்தை குப்புற விழுந்தாள், தவழ்ந்தாள். "இன்னும் எத்தனை கோப்பை ஒளிச்சு வச்சிருக்கீங்க மாப்பிள்ளை? என் பேத்தி நடந்தே வந்துடுவா போலிருக்கே" என்று அத்தான் கேலி செய்வார். மாப்பிள்ளை சிரித்து மழுப்புவான். எத்தனை நாள்தான் மழுப்புவான்? ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, நானும் அங்கே இருந்தேன், தங்கக் கோப்பை வந்துவிட்டது. திரை முழுக்கப் பொன்னாக மின்னியது. அத்தான் எழுந்தார். அக்காவைக் கூப்பிட்டு நல்ல சட்டையைப் போட்டுவிடச் சொன்னார். கையைக் கழுவித் துடைக்கச் சொன்னார். நடுக்கூடத்தில் காலை அகட்டி நின்றுகொண்டு இரண்டு கையையும் நீட்டினார். விரல்கள் தாமாகவே உள்ளே மடங்கிக்கொண்டிருந்தன.

"குடும்மா."

மகள் குழந்தையைக் கொண்டுவந்து அவர் கைகளில் வைத்தாள். வைத்தாளே தவிர, தன் கையை எடுக்கவில்லை.

"விடு" என்றார்.

அவள் விடவில்லை. உதட்டைக் கடித்துக்கொண்டு புருஷனைப் பார்த்தாள். அவன் தரையைப் பார்த்தான். அத்தான் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு தன் கைகளை மெதுவாகக் கீழே இறக்கிக்கொண்டார். குழந்தை அம்மா கையிலேயே இருந்தாள், அவளுக்கு ஒன்றும் தெரியாது, தாத்தாவின் சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தாள்.

நாற்காலியில் போய் உட்கார்ந்தார். கத்துவார் என்று நினைத்தேன். கத்தியிருந்தால் தேவலை.

"மாப்பிள்ளை, எது வரைக்கும் நெசம்?"

"மாமா..."

"கேக்குறதுக்குப் பதில் சொல்லுங்க."

"முதல் மாசம் மாமா" என்றான் அவன். குரல் எழும்பவே இல்லை. "அதுவரைக்கும் நான் எதையும் தொடல. அதெல்லாம் நீங்களா வாங்கினது. சத்தியமா."

அத்தான் மகள் பக்கம் திரும்பினார். எங்கள் தொழிலில் கொக்கியைத் தொடுவதற்கு முன்னால் கேட்கிற கேள்வியைக் கேட்டார்.

"அப்போ, அந்த முதல் மாசத்துல, பாப்பா என்ன எடை?"

அவள் குழந்தையை இறுக்கிக்கொண்டாள். அக்காதான் சொன்னாள். "நாலு கிலோகூட இல்லீங்க."

அத்தான் தலையை ஆட்டினார். மடியில் கிடந்த கைகளையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"தூக்கியிருப்பேன்" என்றார்.

அவ்வளவுதான். அந்த ஒரு சொல்லுக்கு அழாதவர்கள் அந்தக் கூடத்தில் இல்லை, அவரைத் தவிர. மாப்பிள்ளை காலில் விழப் போனான். "எந்திரிங்க, நல்லதுக்குத்தான் செஞ்சீங்க" என்று சொல்லிவிட்டு டிவியை அணைக்கச் சொன்னார். அதற்குப் பிறகு அதை யாரும் போடவில்லை.

இப்போது ஸ்பூனைக்கூட அவரால் பிடிக்க முடியாது. பேத்தி நன்றாக நடக்கிறாள். வீட்டில் அத்தனை பேர் இருக்க, தூக்கம் வந்தால் அவளுக்குத் தாத்தாதான் வேண்டும். நேரே அவர் நாற்காலிக்கு முன்னால் போய் நின்று, இரண்டு கையையும் மேலே நீட்டி, "தூக்கு" என்கிறாள். அவர் பார்த்துக்கொண்டே இருப்பார். "தாத்தா, தூக்கு" என்று மறுபடி கேட்பாள். அவர் உள்ளறைப் பக்கம் திரும்பி, "மாப்பிள்ளை, கொஞ்சம் வந்து பாப்பாவைத் தூக்கிக்கோங்க" என்று கூப்பிடுவார்.