ஏழாம் மாதத்தில் புதுச்சேரிக்கு

2007 மாசியில் ஒரு காலை, ஏழரை மணிக்குத் திருவான்மியூரிலிருந்து புறப்பட்டோம். புதுச்சேரி உழவர்கரையில், மாமியார் வீட்டில் எனக்கு வளைகாப்பு. கணவருக்கு மறுநாள்தான் விடுப்பு என்பதால் அவர் அம்மாவான அத்தையே வாடகைக் காரோடு என்னை அழைத்துப்போக வந்திருந்தார். கிழக்குக் கடற்கரைச் சாலை வழியாகக் கிட்டத்தட்ட நூற்றைம்பது கிலோமீட்டர்.

பின்னால் உட்கார்ந்தால் குமட்டும் என்று முன் இருக்கையில் ஏறினேன். சீட் பெல்ட்டை இழுத்ததுமே பின்னாலிருந்து அத்தை பதறினார்.

"ஐயோ மாலதி, கழட்டு! புள்ள மேல அழுத்தும்."

"கீழ்ப் பட்டைய வயித்துக்கு அடியில, இடுப்பெலும்பு மேல போட்டுக்கச் சொல்லி டாக்டர்தான் சொன்னாங்க அத்த."

ஓட்டுநர் சேகர் அத்தையின் தெருக்காரர். "போலீஸ் நின்னா நான் சொல்றேங்க, அப்ப போட்டுக்குங்க," என்றார். அவரும் போட்டிருக்கவில்லை. "வண்டி தீப்பிடிச்சா இதக் கழட்டிக்கினு எறங்க முடியுமா?"

"பின்னாடி உக்காந்தா அந்தக் கருமமே வேணாம். இங்க வந்துடு," என்றார் அத்தை.

நான் கழற்றவில்லை. ஆனால் அவர் சொன்னது மனதில் தைத்துவிட்டது. மரக்காணத்து உப்பளங்களைத் தாண்டும்போதும் என் கை பட்டைக்கும் வயிற்றுக்கும் நடுவிலேயே இருந்தது.

பத்தரை மணி இருக்கும். காலாப்பட்டை நெருங்கும்போது சவுக்குக் கட்டை ஏற்றிய டிராக்டர் ஒன்று பக்கத்துத் தெருவிலிருந்து திடீரென்று சாலையில் ஏறியது. சேகர் பிரேக்கை மிதித்தும் கார் இழுத்துக்கொண்டு போய் அதன் பின்சக்கரத்தில் மோதியது. பட்டை என் தோளையும் இடுப்பையும் வெட்டுவதுபோல் இறுக்கியது. அத்தை ஓட்டுநர் இருக்கையின் மேல் வந்து விழுந்தார். அந்த வேகத்தில் சேகரின் நெஞ்சு ஸ்டியரிங்கில் இடித்தது.

வயிற்றில் கை வைத்தேன். காலையிலிருந்து உதைத்துக்கொண்டிருந்த பிள்ளை அசையவில்லை.

மீனவர்கள் சிலர் ஓடிவந்து எங்களை ஒரு வேனில் ஏற்றினார்கள். வலது கையைத் தூக்க முடியாமல் முனகிய அத்தை, "அப்பவே சொன்னேனே... புள்ள அசையுதா? அசையுதாம்மா?" என்று வழியெல்லாம் கேட்டார். நானே என் பிள்ளையை நசுக்கிவிட்டேன் என்றுதான் நம்பினேன். எந்த வழியாக நகரத்துக்குள் வந்தோம் என்பதுகூட நினைவில்லை.

மருத்துவமனையில் டாக்டரம்மா வயிற்றில் ஜெல் தடவிக் கருவியை வைத்தார். வெறும் இரைச்சல். இடம் மாற்றினார். மறுபடியும் இரைச்சல். இன்னும் சற்றுக் கீழே நகர்த்தியபோது தையல் இயந்திரம் வேகமாக ஓடுவதுபோல் ஒரு துடிப்பு கேட்டது.

"கேக்குதா? நல்லா இருக்கு," என்றவர், என் இடுப்பில் சிவந்திருந்த தடத்தைத் தொட்டுக் காட்டினார். "பட்டை எலும்பத்தான் புடிச்சிருக்கு. இது இல்லன்னா வயிறு போய் முன்னால இடிச்சிருக்கும். ஆனா இன்னிக்குப் பூரா இங்கயே இருங்க. இன்னும் பாக்கணும்."

அந்த 'இன்னும்' என்னை நிம்மதியாக இருக்கவிடவில்லை. சாயங்காலம் பிள்ளை புரண்டபோதுதான் அழுதேன். அத்தைக்கு வலது காறை எலும்பு முறிந்திருந்தது. சேகருக்கு இரண்டு விலா எலும்புகள்.

வீட்டளவில் வளைகாப்பு முடிந்ததும், மறுநாளே வந்துசேர்ந்திருந்த கணவரோடு வேறொரு காரில் திரும்பினேன். கைக்கட்டோடு தனியாக இருக்க வேண்டாமென்று அத்தையையும் அழைத்துக்கொண்டோம். அவர் பின்னால் இடப்பக்கம் உட்கார்ந்தார்.

"டேய், எனக்கும் மாட்டிவுடு. இந்தத் தோள்ல படாம," என்றார் மகனிடம்.

"பின்னாடி யாரும் போடறதில்லீங்களே," என்றார் புது ஓட்டுநர்.

"நான் போடறேன். அதுவரைக்கும் வண்டிய எடுக்காத."

இருக்கை உறைக்கு அடியில் அமுங்கிக் கிடந்த கொக்கியைக் கணவர் தேடி எடுத்து மாட்டினார். வண்டி கிளம்பியது. காலாப்பட்டு தாண்டும்வரை அத்தை இடது கையால் பட்டையைப் பிடித்துக்கொண்டே வந்தார்.

கடலைப் பார்க்கத்தான் எல்லோரும் அந்தச் சாலையில் போகிறார்கள். போகும்போது நான் பார்த்தது என் பட்டையை, வரும்போது எதிரே இருந்த சாலையை மட்டும்தான்.