முன்வரிசையில் ஒரு பிரேக்

அப்பா கீழவாஞ்சூர் துறைமுகத்தில் நிலக்கரி லாரி ஓட்டியவர். பக்கவாதம் வந்த பிறகு அவருக்கு மிஞ்சிய வண்டி சக்கர நாற்காலிதான். அதையும் லாரியைப் போலத்தான் நிறுத்துவார். நின்றதும் இரண்டு பிரேக்கையும் நல்ல கையால் இறுக்கிவிடுவார். உப்புக் காற்றில் துருப்பிடித்த அந்தப் பிரேக் இறுகினால் லேசில் விடாது. எண்ணெய் போடலாம் என்றால், "லாரியவே பாத்தவன், இத பாக்க மாட்டனா?" என்பார். பார்க்க மாட்டார்.

அவருக்காகத்தான் பெங்களூரு கம்பெனியின் வேலையைக் காரைக்காலில் இருந்தே செய்கிறேன். ஸ்கேன் எந்திரத்துக்குள் ஓடும் கணினியின் கெர்னல், அதாவது நினைவகத்தை எல்லா வேலைகளுக்கும் பங்கிட்டுக் கொடுக்கும் அடிப்படை நிரல், என் பொறுப்பு. எந்திரம் சில நாள் ஓடியதும் படம் காட்டாமல் நின்றுவிடுகிறது என்று புகார் வந்தது. "இந்த மாசத்துக்குள்ள சரியாகலன்னா நீங்க இங்கயே வந்துடணும்" என்றார் மேலாளர். நான் போய்விட்டால் அப்பாவை யார் தூக்கி உட்காரவைப்பது? எரிச்சலில் அப்பாவிடமே வள்ளென்று விழுந்தேன்.

சிக்கல் இதுதான். ஒரு படத்துக்கு நினைவகத்தில் இடைவெளியே இல்லாத நீளமான இடம் வேண்டும். மொத்தமாகப் பார்த்தால் காலியிடம் நிறைய இருக்கும். ஆனால் நாளாக ஆகத் துண்டு துண்டாகிவிடும். அதனால் எந்திரம் தொடங்கும்போதே ஒரு நீளத்தை ஒதுக்கியிருந்தோம். படம் எடுக்காத நேரத்தில் அது சும்மா கிடக்க வேண்டாமே என்று மற்ற வேலைகளுக்கு இரவல் கொடுத்திருந்தோம். கேட்டதும் எழுந்து வேறிடம் போக வேண்டும் என்பது நிபந்தனை. எல்லாரும் போகிறார்கள் என்றே நம்பியிருந்தேன்.

அந்த வாரம் மாதா கோயிலில் பக்கத்து வீட்டுப் பெண்ணுக்குக் கல்யாணம். எங்கள் கோயிலில் பெண் வீட்டாரின் முன்வரிசையைக் கயிறு கட்டி மறிப்பதில்லை. முன்னால் வந்தவர்கள் உட்காரலாம். பெண் வீட்டார் வந்ததும் சிரித்தபடி எழுந்து பின்னால் போய்விடுவார்கள். நான் தண்ணீர் எடுத்து வருவதற்குள் அப்பா அந்த வரிசையின் நடுவில், மின்விசிறிக்கு நேர்கீழே, ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை நகர்த்தச் சொல்லிவிட்டுத் தன் வண்டியை நிறுத்தியிருந்தார்.

பெண் வீட்டார் வந்தார்கள். எல்லாரும் எழுந்தார்கள். பிரேக் மட்டும் வரவில்லை. "செத்த இருங்க, வந்துடும்" என்று அப்பா மல்லுக்கட்டினார். எனக்கு மானம் போனது. பெண்ணின் அம்மாதான், "இருக்கட்டும்ணே, நாங்க ரெண்டு பக்கமும் உக்காந்துக்கறோம்" என்று சிரித்தார். ஒரே குடும்பம் இரண்டாகப் பிரிந்து உட்கார்ந்தது. கல்யாணப் படங்களில் பெண்ணைப் பெற்றவரைப் போல நடுநாயகமாக இருப்பவர் என் அப்பாதான்.

சாமியார் பிரசங்கம் செய்துகொண்டிருந்தபோதுதான் உறைத்தது. என் எந்திரத்திலும் யாரோ பிரேக் போட்டு உட்கார்ந்திருக்கிறார்கள்!

வீட்டுக்கு வந்து தேடினேன். ஒரு சின்ன நிரல், இரவல் இடத்தில் தனக்குக் கிடைத்த ஒரே ஒரு பக்கத்தை, நினைவகத்தின் ஒரு சின்னத் துண்டை, நகர்த்த முடியாதபடி பூட்டிவைத்து, விடாமலே இருந்தது. நீளத்தை உடைக்க அது போதும். பூட்டுவதற்கு முன்பே அதை வேறிடத்துக்கு மாற்றும்படி திருத்தினேன். அதன் பிறகு எந்திரம் நிற்கவில்லை. "நீங்க அங்கயே இருங்க" என்றார் மேலாளர்.

முகம் சுளிக்காத அந்த அம்மாவுக்கும், எங்கள் உப்புக் காற்றுக்கும் நான் கடமைப்பட்டவள். அப்பாவிடம் நடந்ததைச் சொன்னேன்.

"அப்ப என் பிரேக்காலதான் நீ இங்க இருக்கியா?"

"ஆமாம்பா."

அப்பா வண்டியை உருட்டி என் மேசைக்குப் பக்கத்தில் வந்தார். இரண்டு பிரேக்கையும் இறுக்கினார்.